பெரட்டு நேரத்து மழை

எங்கள் பல்கலைக்கழகத்தில் அச்சடித்து, அட்டை போட்டு, கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கும் ஓர் ஆய்வறிக்கையின் ஏழாம் பக்கத்தில், பொடி எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு இருக்கிறது. மலாய் மொழியில் எழுதியது. தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'தோட்டப் பதிவாளரின் தேதிப் பிழை திருத்தப்பட்டுள்ளது.' அந்தத் தோட்டப் பதிவாளர் என் அம்மா. அவள் எந்தப் பிழையும் செய்யவில்லை. ஒரு வரியில் அவளைத் திருத்திவிட்டு அவர்கள் தேநீர் குடிக்கப் போய்விட்டார்கள். எனக்கு மட்டும் இன்னும் ஆறவில்லை.

அம்மா மலேசியாவில், கெடா மாநிலத்துப் பீடோங்குக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவள். விடிவதற்கு முன்பே, ஐந்தரை மணிக்கு, தோட்டத்து ஆபீஸ் வாசலில் பெரட்டு நடக்கும். எல்லாரும் வரிசையில் நிற்பார்கள்; ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி பேர் கூப்பிடுவார்; யாருக்கு எந்த மர நிரை என்று மேற்பார்வை பார்க்கும் மண்டோர் சொல்லி அனுப்புவார். மழை பெய்து மரப்பட்டை ஈரமாக இருந்தால் சீவ முடியாது. பால், மரத்தில் மாட்டிய மங்குக்குள் இறங்காமல் பட்டையெல்லாம் வழிந்து போகும். அதனால் பெரட்டில் முதலில் கேட்கப்படுவது மழையைப் பற்றித்தான்.

ஆபீஸுக்கு முன்னால் புல்தரையில் செம்பில் செய்த ஒரு மழைமானி நின்றது. மேலே புனல், உள்ளே ஒரு குப்பி. குப்பியை எடுத்து அளவுக் கண்ணாடியில் ஊற்றி எவ்வளவு என்று பார்ப்பது கிராணியின் வேலை. ஆனால் அந்த மனிதருக்குக் காலில் போட்ட சப்பாத்து நனையக் கூடாது. பெரட்டுக்கு முதலில் வந்து நிற்பது என் அம்மாதான் என்பதால், "நீ போய்ப் பாத்துச் சொல்லு" என்று ஒருநாள் சொன்னார். அன்றிலிருந்து தோட்டம் விற்கப்படும் வரைக்கும், இருபத்தேழு வருடம், அவள்தான் பார்த்துச் சொன்னாள்.

அவள் சொன்னதைக் கிராணி ஆபீஸ் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். அம்மாவும் நாங்கள் குடியிருந்த லயத்துக்கு வந்து ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைப்பாள். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்த குண்டு குண்டான எழுத்து. எதற்கு இரண்டு இடத்தில் என்று நான் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன்.

"அந்தாளு நான் சொல்றத ஒழுங்கா எழுதுறானான்னு யாரு பாக்கறது?" என்றாள்.

தோட்டம் கைமாறியபோது ஆபீஸ் புத்தகங்கள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. மழைமானியைப் பழைய இரும்போடு சேர்த்துக் குவித்திருந்தார்கள். அம்மா அதை எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்து, மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டு தாமான் குடியிருப்பில் இருந்த புது வீட்டுக்கு வந்தாள். பின்புறம் துணி காயப் போடும் இடத்தில் ஒரு கட்டையை நட்டு அதன்மேல் பொருத்தினாள். பெரட்டு இல்லை, மண்டோர் இல்லை, சீவ மரமும் இல்லை. ஆனாலும் ஐந்தரைக்கு எழுந்து போய்ப் பார்ப்பாள், வந்து எழுதுவாள். மழை இல்லாத நாளிலும் 'இல்லை' என்று எழுதுவாள். நோட்டுகள் முப்பத்தொன்பது ஆகியிருந்தன.

நான் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாடியில் வேலை செய்கிறேன். ஆய்வாளர் இல்லை, உதவியாளர். மற்றவர்கள் கொண்டுவரும் எண்களைக் கணினியில் ஏற்றுவது, கூட்டத்துக்கு அறை எடுத்து வைப்பது, வெளியூருக்குக் கருவிகளோடு வேனில் போவது எல்லாம் என் வேலை. மாடியில் மூன்று அறைகள். முதல் அறையில் பயிரும் தட்பவெப்பமும் ஆராய்கிற பேராசிரியர். குனோங் ஜெராய் மலையைச் சுற்றி மழை எப்படி மாறிவருகிறது என்று கண்டுபிடித்தால், கீழே யான் என்ற ஊரில் நெல் போடுகிறவர்கள் எப்போது உழலாம், எப்போது காத்திருக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்பது அவர் திட்டம். நல்ல திட்டம்தான், அதில் எனக்குக் குறை இல்லை.

இரண்டாவது அறையில் வலைப்பின்னல் கணிதம் செய்கிற ஒரு தம்பி. ஊர்களைப் புள்ளிகளாகப் போட்டு, எங்கே மழை பெய்தால் அடுத்து எங்கே பெய்கிறது என்று அம்பு இழுத்துக் காட்டுவான். நோய் பரவுவதையும் வதந்தி பரவுவதையும் இதே கணிதத்தில் போடலாம் என்பான். எங்கள் லயத்தில் ஒரு சண்டை எந்த வீட்டில் கிளம்பி எந்த வீட்டில் போய் முடியும் என்று பெண்கள் படம் போடாமலே சொல்வார்கள். அதனால் எனக்கு அது சீக்கிரம் பிடிபட்டுவிட்டது.

மூன்றாவது அறைதான் எல்லாரும் கேலி செய்யும் அறை. அதில் இருப்பவள் சுங்கைப்பட்டாணியில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் ஒரு தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண். விண்மீன்களுக்கு நடுவே மிதக்கும் தூசி மேகங்களில் என்னென்ன வேதிப்பொருள் இருக்கிறது என்பது அவள் ஆராய்ச்சி. வெளிநாட்டுத் தொலைநோக்கிகள் அனுப்பும் ஒளிக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். அந்த மேகங்களில் சாராயம்கூட இருக்கிறதாம். இது தெரிந்திருந்தால் எங்கள் தோட்டத்தில் சம்சு காய்ச்சியவர்கள் அத்தனை ஒளித்து மறைத்துக் காய்ச்சியிருக்க வேண்டாம் என்று நானே அவளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

மலைக்கு உட்புறத்தில், பீடோங் பக்கம், பழைய மழைப் பதிவு எதுவும் கிடைக்கவில்லை என்று பேராசிரியர் ஒரு கூட்டத்தில் புலம்பினார். "எங்கள் அம்மாவிடம் இருக்கிறது" என்று நான்தான் கையைத் தூக்கினேன். அந்தக் கையை அன்றைக்கு யாராவது பிடித்துக் கீழே இறக்கியிருக்கலாம். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அடுத்த வாரமே கொண்டுவாருங்கள் என்றார்.

அம்மா ஒவ்வொரு நோட்டையும் துடைத்து, அரிசிப் பையில் அடுக்கி, வாயைக் கட்டிக் கொடுத்தாள். "மழையில நனைச்சிராத" என்றாள். பிறகு, "பெரிய படிப்புக்காரங்க பாப்பாங்கள்ல? என் எழுத்து அவுங்களுக்குப் புரியுமா?" என்று கேட்டாள். அவள் அப்படிக் கூச்சப்பட்டு நான் பார்த்ததே இல்லை. புரியாவிட்டால் நான் இருக்கிறேன், நான் சொல்லிக்கொள்கிறேன் என்று தைரியம் சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டு மாதம் உட்கார்ந்து ஏற்றினேன். படிவத்தில் நாலு கட்டங்கள். இடம், தேதி, அளவு, அளந்த நேரம். கடைசிக் கட்டத்தை நான் நிரப்பவில்லை. மழையைப் பெரட்டில் பார்ப்பார்கள். இதைப் போய் எழுத வேண்டுமா, வேறு எப்போது பார்ப்பார்கள் என்று நினைத்திருக்கிறேன். சரியாகச் சொன்னால், நினைக்கக்கூட இல்லை. நீர் கீழ்நோக்கி ஓடும் என்று யாரும் குறித்து வைப்பதில்லை. அப்படி விட்டுவிட்டேன்.

பிறகு அந்தக் கூட்டம் நடந்தது. தம்பி சுவரில் படம் காட்டினான். யான், செமிலிங், இன்னும் சில இடங்கள் எல்லாம் புள்ளிகளாக இருந்தன. அவற்றுக்கு நடுவே அம்புகள் போவதும் வருவதுமாக இருந்தன. அம்மாவின் புள்ளி சிவப்பாக இருந்தது. அதற்கு எல்லாத் திசையிலிருந்தும் அம்பு வந்தது. அதிலிருந்து ஒன்றுகூடப் புறப்படவில்லை.

"மத்த எல்லா இடத்துலயும் பெஞ்ச மறுநாள்தான் அக்கா இங்க பெய்யுது. எப்பவுமே. மழ என்னா, மலையச் சுத்தி நடந்தா வருது?" என்றான். அறையில் சிரித்தார்கள். "யாரையோ கேட்டுக் கேட்டு மறுநாள் எழுதியிருக்காங்க. காப்பி லா, அக்கா."

அது என் அம்மா எழுதியது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னான் என்பதைவிட, சொல்லும்போது அது அவனுக்கு நினைவிலேயே இல்லை என்பதுதான் எனக்கு உறைத்தது. சுவரில் இருந்தது சிவப்புப் புள்ளி, அவ்வளவுதான்.

பேராசிரியர் இரக்கம் காட்டினார். அது இன்னும் மோசம். "பாவம், படிக்காதவர்கள். கிராணி திட்டுவார் என்று பயந்து எதையாவது எழுதியிருப்பார்கள். யாரையும் குறை சொல்ல வேண்டாம், அந்த இடத்தை மட்டும் எடுத்துவிடலாம்" என்று மலாயில் மென்மையாகச் சொன்னார். முப்பத்தொன்பது நோட்டும் அந்த மென்மையில் போய்விட்டது.

கேட்டு எழுதினாள் என்றால் யாரைக் கேட்டாள்? விடிகாலை ஐந்தரைக்கு யானில் எத்தனை அளவு என்று லயத்திலிருந்து போன் போட்டாளா? லயத்தில் போன் ஏது? காப்பி அடித்தால் அளவும் அதேபோல இருக்காதா? ஒரு நாளும் அளவு ஒத்துப்போகவில்லையே. ஏமாற்றுகிறவள் எதற்கு மழை பெய்யாத நாளில் மெனக்கெட்டு 'இல்லை' என்று எழுதப் போகிறாள்? இத்தனையும் இப்போது வரிசையாக வருகிறது. அன்று தலையைக் குனிந்து கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். கூட்டம் முடிந்ததும் கோப்பைகளைக்கூட நான்தான் எடுத்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை கெடாவில் எங்களுக்கு விடுமுறை. வீட்டில் அம்மா நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து ஒரு பிடி எடுத்துக்கொண்டேன்.

"அம்மா, அந்த மழையெல்லாம் நீயேதான் அளந்தியா?"

"வேற யாரு?"

"இல்ல... ஒடம்பு முடியாத நாள்ல, யாரையாச்சும் கேட்டு எழுதினியா?"

நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்த கை நின்றது. "யாரு கேக்கச் சொன்னா?"

"ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க."

"அவுங்க பேசிக்கிட்டாங்க. நீ என்னா சொன்னே?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அம்மா என் கையிலிருந்த நெத்திலியையும் வாங்கித் தன் தட்டில் போட்டுக்கொண்டு, திரும்பி உட்கார்ந்து ஆய்ந்தாள். அடுத்த நாள் காலை நான் எழுந்தபோது மழைமானி கட்டையில் இல்லை. வேலியோரம் கவிழ்ந்து கிடந்தது. நோட்டும் பேனாவும் இருந்த இடத்தில் அப்படியே இருந்தன.

அதற்குப் பிறகு ஆபீஸில் நான் யாருக்கும் முகம் கொடுத்துப் பேசவில்லை. தம்பி வணக்கம் சொன்னால் திரையைப் பார்ப்பேன். பேராசிரியர் கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில். கோபத்தை அப்படி ஊருக்கெல்லாம் பங்கு வைத்தேன், எனக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. இரண்டு வாரம் கழித்து, வெந்நீர் பிடிக்கும் இடத்தில், மூன்றாவது அறைப் பெண் என்ன ஆயிற்று என்று கேட்டாள். கொட்டித் தீர்த்தேன்.

அவள் மைலோவைக் கலக்கிக்கொண்டே கேட்டாள். "எல்லா வருசமும் ஒரே ஒரு நாள்தான் தள்ளி இருக்கா? சில வாட்டி ரெண்டு நாளு, சில வாட்டி வாரம்னு இல்லையே?"

"இல்ல. ஒரே நாளுதான்."

"அப்ப அது பொய் இல்லக்கா."

அவளுடைய மேகங்களில் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் சொந்தமாக ஒரு கோட்டு வரிசை உண்டு. அது எங்கெங்கே விழும் என்று இங்கே ஆய்வுக்கூடத்தில் அளந்து வைத்திருக்கிறார்கள். ஆனால் மேகத்திலிருந்து வரும்போது ஒரு கோடுகூட இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. வரிசை மட்டும் குலையாமல், மொத்தமும் ஒரே விகிதத்தில் தள்ளி இருக்கும். மேகம் நம்மைவிட்டு விலகியோ நம்மை நோக்கியோ போய்க்கொண்டிருப்பதுதான் காரணம்.

"நாங்க மேகத்தத் தப்பு சொல்லமாட்டோம். அது எங்க இருந்து, எப்படிப் போவுதுன்னு கேப்போம். கேட்டு எழுதறவுங்க சோம்பேறிங்கக்கா. ஒருநாள் ஒடனே எழுதுவாங்க, ஒருநாள் மறந்து போவாங்க. இத்தன வருசம் ஒரே மாதிரி தள்ளி எழுத யாராலயும் முடியாது லா. ஒங்க அம்மா எத்தன மணிக்கு அளப்பாங்க?"

"பெரட்டுக்கு" என்றேன். சொல்லி வாயை மூடுவதற்குள் எனக்கே விளங்கிவிட்டது.

எங்கள் பக்கம் மழை பெரும்பாலும் பின்னேரத்தில் பெய்யும். திங்கட்கிழமை சாயங்காலம் பெய்த மழையைச் செவ்வாய்க்கிழமை காலையில்தான் எல்லாரும் அளப்பார்கள். மற்ற நிலையங்களில் அதைத் திங்களின் பெயரில் எழுதுவது வழக்கம். தோட்டத்தில் அது செவ்வாயின் மழை. செவ்வாய் அன்று மரம் சீவலாமா கூடாதா என்று தீர்மானிப்பது அதுதான். நேற்றைய தேதியில் அதை எழுதி யாருக்கு என்ன பயன்? நேற்றைய மரத்தை நேற்றே சீவியாகிவிட்டது. லயத்தில் "இன்னைக்கு மழ" என்றால் வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தாலும், இன்று பட்டை ஈரம், இன்று வேலை இல்லை என்று அர்த்தம். அதைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். மழை நாளென்றால் அம்மா வீட்டில் இருப்பாள் என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன். அந்த நாலாவது கட்டத்தில் 'காலை ஐந்தரை, பெரட்டு' என்று எழுதியிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. படித்து, சட்டையில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு, நான் அதை வெறுமையாக விட்டேன்.

தம்பியின் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னான், உட்காரவில்லை. ஒரு நாள் முன்னால் தள்ளிப் போட்டுப் பார் என்றேன். இரண்டு பொத்தானைத் தட்டினான். அம்மாவின் புள்ளியிலிருந்து அம்புகள் கிளம்பின. செமிலிங்கோடும் யானோடும் போக்கும் வரவும் ஆனது. சில மாதங்களில் மழை அவள் பக்கம்தான் முதலில் வந்திருந்தது. அவன் முகம் சிவந்து போயிற்று. "சாரி, அக்கா. நான் பேசினது தப்பு" என்றான். அதை அவன் ஒளிக்காமல் சொன்னான், அதனால் அவனோடு இப்போது பேசுகிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். நீ எழுதியதுதான் சரி, அவர்களுக்குத்தான் பெரட்டு என்றால் என்னவென்று தெரியவில்லை என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் படத்தைப் பார்த்தாள். பிறகு கழற்றி வைத்தாள்.

"நான் எழுதினது சரின்னு எனக்குத் தெரியாதா? அவனுங்க சொன்னா சொல்லிட்டுப் போறானுங்க. அவனுங்களுக்கு என்னைத் தெரியாது." படத்தை என் பக்கம் தள்ளினாள். "நீ வந்து கேட்டியே."

மன்னித்துக்கொள் என்று சொன்னேன். சோறு ஆறுகிறது, சாப்பிடு என்றாள். கவிழ்ந்து கிடந்த மழைமானியை நானே எடுத்துக் கழுவிக் கட்டையில் பொருத்தினேன். மறுநாள் ஐந்தரைக்கு அவள் எழுந்து வருவாள் என்று காத்திருந்தேன். விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தாள், எழுந்து வரவில்லை. நானே போய் அளந்து நோட்டில் எழுதினேன். இப்போதும் அந்த வேலை என்னுடையதுதான். அவள் வழக்கப்படி அன்றைய தேதியில்தான் எழுதுகிறேன்.

சில மாதங்களில், அம்மாவின் பதிவையும் ஒரு நாள் தள்ளிச் சேர்த்துக்கொண்டு, அறிக்கை அச்சாகி வந்தது. அதில்தான் அந்த ஏழாம் பக்கத்து வரி. நன்றி சொல்லும் பக்கத்தில் 'தோட்ட நிர்வாகத்துக்கு' நன்றி வேறு. மழைமானியைப் பழைய இரும்பில் போட்ட நிர்வாகம் அது. நான் பேராசிரியர் அறைக்கு நேரே போய்விட்டேன்.

"ப்ரோஃப், இது பிழை இல்லை. அவளுடைய நாள் ஐந்தரைக்குத் தொடங்குகிறது. அதை அவள் ஒருநாளும் மாற்றவில்லை. இதில் எதைத் திருத்தினீர்கள்?"

"அது ஒரு சொல்தானே" என்றார். "எல்லா அறிக்கையிலும் அப்படித்தான் எழுதுவது. உங்கள் அம்மாவின் பதிவு ரொம்ப உதவியாக இருந்தது, அதைச் சொல்லுங்கள் அவரிடம்."

"நீங்களே ஒருநாள் வந்து சொல்லுங்கள்" என்றேன். வருகிறேன் என்றார். பீடோங் இங்கிருந்து அரை மணி நேரம்கூட இல்லை. இதுவரை வரவில்லை. மூன்றாவது அறைப் பெண் எழுதிய கட்டுரையையும் எடுத்துப் பார்த்தேன். அதில் எங்கேயும் 'மேகத்தின் பிழை திருத்தப்பட்டது' என்று இல்லை. மேகம் இன்ன வேகத்தில் நகர்கிறது என்றுதான் இருக்கிறது. மனிதர் கண்ணுக்கே எட்டாத ஒரு தூசி மேகத்துக்குக் கிடைத்த மரியாதை பீடோங்கில் இருக்கும் ஒரு மரம் சீவியவளுக்குக் கிடைக்கவில்லை. இந்தக் கோபம் எனக்குத் தணியப் போவதில்லை, தணிக்கவும் நான் முயலவில்லை.

போன வாரம் தம்பி, வீட்டில் இப்போது எழுதிவரும் நோட்டின் பக்கங்களையும் ஏற்றச் சொன்னான். ஏற்றிக் கொடுத்தேன். இந்த முறை நேரத்தையும் எழுதினேன். பார்த்துவிட்டு, "நடுவுல ஒரு இருவத்தோரு நாளு காலியா இருக்கே அக்கா. அப்ப நல்ல மழயாச்சே. அம்மாகிட்டக் கேட்டுப் பாக்கறீங்களா, ஞாபகம் இருந்தாலும் இருக்கும்" என்றான்.

அவளுக்கு ஞாபகம் இருக்கும். எந்த நாள் எவ்வளவு பெய்தது என்று துணி காய்ந்ததையும் காயாததையும் வைத்தே சொல்வாள். வீட்டுக்குப் போய் நோட்டை விரித்து, அவள் எழுத்துக்கும் என் எழுத்துக்கும் நடுவே கிடந்த வெறும் கோடுகளைக் காட்டிக் கேட்டேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"யாரையாச்சும் கேட்டு எழுதிக்க" என்றாள்.